முதற் கைத்துப்பாக்கி

காஞ்சிபுரத்தின் தென்புறத்தில், பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்தது செவிலிமேடு. இராமாநுசர் நாள்தோறும் வரதராசப் பெருமாளுக்கு நீர் முகந்து சென்றதாகச் சொல்லப்படும் சாலைக்கிணறு இப்பகுதியில்தான் உள்ளது. அவ்வூரில் பட்டுத் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நாம் கற்பனை செய்துகொள்வோம். வீட்டின் முன்கூடத்தில் தறிக்குழி. உள்ளறைப் பெட்டியில் பட்டு நூலும் சரிகையும், விற்பனைக்கு நெய்து மடித்து வைத்த புடவைகளும். மகள் கல்லூரியிற் படிக்கிறாள். 2024 ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றதைக் கண்ட நாள் முதல், தானும் குறி பார்த்துச் சுடப் பழக வேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தைக்கோ வேறு கவலை. இரவில் திருடர் புகுந்தால் ஓராண்டு உழைப்பு ஓரிரவில் போய்விடுமே என்று அஞ்சுகிறார். ‘ஒரு கைத்துப்பாக்கி வாங்கிவிட்டால் உன் பயிற்சிக்கும் ஆயிற்று, வீட்டுக் காவலுக்கும் ஆயிற்று’ என்று அவர் மகளிடம் சொல்கிறார்.

தந்தை சொல்வது சிக்கனமான யோசனையாகத் தோன்றும். ஆனால் அவ்வாறு இரண்டு காரியத்துக்கும் உதவும் கைத்துப்பாக்கி ஒன்று இல்லை என்பதே உண்மை. எழுதுகோலையும் கடப்பாரையையும் ஒரே கருவியாகச் செய்ய முயன்றால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகும்.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். கைத்துப்பாக்கி என்றவுடன் தமிழ் மாணவர்க்கு மணியாச்சி நினைவுக்கு வருவது இயல்பு. 1911 ஜூன் 17 ஆம் நாள் அங்கு வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது பிரௌனிங் பிஸ்டலால். அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1878 ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், இந்தியர் கையில் ஆயுதம் இருத்தலாகாது என்னும் அச்சத்திற் பிறந்தது. விடுதலைக்குப் பின் அதனை நீக்கி, 1959 ஆம் ஆண்டில் புதிய படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டது. 1962 அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இன்றும் அதுவே சட்டம். அதன்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது. பயிற்சியின்போது, விதிகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்துவதற்கு மட்டும் இளையோர்க்கு விலக்கு உண்டு. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும்.

உரிமம் கேட்டவுடன் கிடைக்கும் பொருளன்று. விண்ணப்பத்தின் மேல் காவல் நிலையத்தின் அறிக்கை பெறப்பட வேண்டும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை விண்ணப்பதாரர் முடித்திருக்க வேண்டும். தம் தொழிலாலோ பிற காரணத்தாலோ உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள உண்மையான தேவை இருப்பதை உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அவர் காட்ட வேண்டும். ‘திருடர் வரக்கூடும்’ என்னும் பொதுவான அச்சம் ஊரில் எல்லார்க்கும் உள்ளதுதானே என்று அதிகாரி கருதினால் அதனைத் தவறென்று சொல்ல முடியாது.

கிடைத்தாலும் எந்தத் துப்பாக்கி? திரைப்படங்களிற் காணும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை, 0.38 ரிவால்வரும் அவ்வாறே. எனவே பெரும்பாலோர் வாங்குவது 0.32 அங்குல வகை. கான்பூர் அரசுத் தொழிற்சாலைகளில் 0.32 ரிவால்வர்களும், வங்காளத்தின் ஈசாப்பூர்த் தொழிற்சாலையில் ‘அசனி’ என்னும் 0.32 பிஸ்டலும் செய்யப்பட்டு வந்துள்ளன. 2014 ஆம் ஆண்டில் பெண்களுக்கென ‘நிர்பீக்’ என்னும் ரிவால்வரை வெளியிட்டார்கள். அதன் எடை ஏறத்தாழ 500 கிராம். விலையோ இலட்ச ரூபாய்க்கு மேல். எடை குறைந்தால் நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். பௌதிகம் படித்த மாணவர் இங்குச் சற்று நின்று யோசிக்க வேண்டும். தோட்டா முன்னே பாயும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தத்தோடு துப்பாக்கி பின்னே உதைக்கும். துப்பாக்கி இலேசானால் அது பின்வாங்கும் வேகம் மிகும். சட்டைப்பையில் வசதியாக இருப்பது கையில் வசதியாக இராது.

ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது அவசியம். ரிவால்வரில் தோட்டாக்கள் ஓர் உருளையின் அறைகளிலே இருக்கும், பெரும்பாலும் ஆறு. விசையை இழுக்குந்தோறும் உருளை சுழன்று அடுத்த அறை குழலுக்கு நேரே வரும். ஒரு தோட்டா வெடிக்காவிடில் மீண்டும் இழுத்தால் அடுத்தது வந்துவிடும். உருளையைத் திறந்து பார்த்தால் உள்ளே எத்தனை உண்டு என்பது கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகிய கூட்டில் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று வெடித்தவுடன் அடுத்தது தானாகக் குழலுக்குள் ஏறும். இதில் ஓர் ஆபத்து உண்டு. கூட்டை வெளியே எடுத்துவிட்டு, ‘காலியாகிவிட்டது’ என்று நம்புவோர் பலர்; ஆனால் குழலறையில் ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். காலியான துப்பாக்கி என்று எண்ணி விளையாட்டாக நீட்டி, உடன்பிறந்தாரையே கொன்ற செய்திகளுக்குப் பின்னே பல நேரங்களில் இந்த ஒரு தோட்டாதான் நிற்கிறது. ஆகவே எந்தத் துப்பாக்கியையும், யார் ‘காலி’ என்று சொல்லிக் கொடுத்தாலும், நிறைந்ததாகவே கொள்க. சுட விரும்பாத எதன்மேலும் குழலைத் திருப்பாதிருத்தலும், சுடும் கணம் வரை விசைமேல் விரல் வையாதிருத்தலும் இதனோடு சேர்த்துக் கற்க வேண்டியவை.

தந்தையின் தேவைக்கு இத்தகைய 0.32 ரிவால்வர் ஒன்று கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். அதை எங்கே வைப்பது? இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாக்களை வேறிடத்திற் பூட்டி வைத்தால் குழந்தைகளுக்கு ஆபத்தில்லை. ஆனால் நள்ளிரவில் ஓசை கேட்டவுடன் அது கைக்கு எட்டாது. தோட்டா நிரப்பித் தலையணைக்கு அடியில் வைத்தால் கைக்கு எட்டும். தந்தையின் கைக்கு மட்டுமன்று, பேரக்குழந்தையின் கைக்கும், குடித்துவிட்டு வரும் உறவினன் கைக்கும், தேர்வில் தவறி மனமுடைந்து கிடக்கும் பிள்ளையின் கைக்கும் எட்டும். இந்தச் சிக்கலுக்கு முழுமையான தீர்வு உலகில் எவரும் கண்டதில்லை. துப்பாக்கிகள் மலிந்த அமெரிக்காவில் மூன்று கவுண்டிகளில், வீட்டினுள் நடந்த கொலைகளை ஆராய்ந்து, 1993 ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த வீடுகளிற் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு மிகுதி எனக் கண்டார்கள். கொன்றவர்களிற் பெரும்பாலோர் உறவினர் அல்லது தெரிந்தவர். அந்த ஆய்வைக் குறை கூறியவர்களும் உண்டு. ஆபத்தான சூழலில் வாழ்வோரே துப்பாக்கி வாங்கியிருக்கலாம் அல்லவா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆயினும் வீட்டில் துப்பாக்கி இருந்தாலே காவல் என்னும் எளிய நம்பிக்கைக்கு அந்த ஆய்வில் ஆதரவு இல்லை.

நெசவாளர் வீட்டின் அமைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், தறிக்கூடத்திலேயே உறங்குவோர், மெல்லிய மரக் கதவுகள். இருட்டில், நடுங்கும் கையோடு சுடும் தோட்டா குறி தவறினால் கதவைத் துளைத்து அப்பாலும் செல்லும். அப்பால் இருப்பவர் அண்டை வீட்டார். சட்டமும் இங்குக் கண்டிப்பானது. 2024 ஜூலை முதல் நாள் முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பழைய தண்டனைச் சட்டத்தைப் போலவே தற்காப்புரிமையை ஒப்புக்கொள்கிறது. இரவில் வீட்டை உடைத்துப் புகுவோரிடமிருந்து உடைமையைக் காக்கும்போது அவ்வுரிமை உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளக்கூடும். ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்ய எவர்க்கும் உரிமையில்லை. காவல் துறையின் உதவியை நாட நேரமிருந்தால் அவ்வுரிமையே இல்லை. புடவை மூட்டையோடு புறமுதுகிட்டு ஓடுபவனைச் சுட்டுவிட்டு, நீதிமன்றத்தில் தேவையை மெய்ப்பிப்பது எளிதன்று. மற்றொன்றும் சொல்ல வேண்டும். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது நம் நாட்டு வழக்கம். அந்த வாரங்களில் வீட்டைக் காப்பது எதுவோ, மற்ற நாட்களிலும் பெரும்பாலும் அதுவேதான் காக்கிறது: நல்ல தாழ்ப்பாள், சன்னற் கம்பி, தெரு விளக்கு, குரைக்கும் நாய், கூப்பிட்டால் எழுந்து வரும் அண்டை வீட்டார். தந்தை ரிவால்வருக்கு ஒதுக்கிய தொகையில் இவற்றையும், சரிகைக்கும் புடவைக்கும் காப்பீட்டையும் வாங்கிவிடலாம்.

இனி மகளின் தேவைக்கு வருவோம். இங்குச் செய்தி மகிழ்ச்சியானது. ஒலிம்பிக்கில் 10 மீட்டர்ப் போட்டிக்கு உரிய கைத்துப்பாக்கி வெடிமருந்தால் இயங்குவதன்று, காற்றழுத்தத்தால் இயங்குவது. ஏர் பிஸ்டல் என்பர். 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு ஒன்றை அது செலுத்தும். ஆற்றல் 20 ஜூலுக்கும், குழலின் அளவு 0.177 அங்குலத்துக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. விற்பவர் வாங்குவோரின் அடையாளச் சான்றைப் பெற்றுப் பதிவு செய்துகொள்வார். உரிமம் வேண்டாததால் அது விளையாட்டுப் பொம்மை ஆகிவிடாது. கண்ணைக் குருடாக்க ஒரு குண்டு போதும்.

இந்தப் போட்டியின் நுட்பத்தைச் சொன்னால், தெரிவு செய்யும் முறை தானே விளங்கும். 10 மீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கின் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர் அகலம். ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒரு கையால் மட்டும் பிடித்து, 75 நிமிடங்களில் 60 குண்டுகள் சுட வேண்டும். துப்பாக்கியின் பின்காட்டிக்கும் முன்காட்டிக்கும் இடையே 300 மில்லிமீட்டர் தொலைவு என்று கொள்வோம். முன்காட்டி கால் மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக விலகும்; பத்துக்கு உரிய வட்டம் தவறிவிடும். தந்தையின் ரிவால்வரில் அந்த இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவு. அதே பிழை அங்கு இரு மடங்குக்கு மேல் பெருகும். விசையின் கனமும் அப்படியே. ஏர் பிஸ்டலின் விசை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது போட்டி விதி. பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே அமைத்துக்கொள்வர். ரிவால்வரின் விசையை ஒரே இழுப்பில் இழுக்க நான்கைந்து கிலோகிராம் வரை வேண்டியிருக்கும். இவ்வளவு கனம் பையிலிருக்கும் ஆயுதத்துக்குப் பாதுகாப்பு. பொத்தானைக் குறி பார்ப்பவளுக்கோ தடை. ஏர் பிஸ்டலின் இலேசான விசை நடுங்கும் கைக்கு ஆபத்து. இரண்டும் ஒரே கருவியில் ஏன் பொருந்தா என்பது இப்போது தெளிவாகியிருக்கும்.

ஆகவே அவள் பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது கைப்பிடி. வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனிப் பிடிகள் உண்டு. அளவிலும் சிறிது பெரிது உண்டு. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைப் பிடித்துக் கையை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்தால் இரு காட்டிகளும் நேராக நிற்க வேண்டும். நிற்காவிடில், எவ்வளவு புகழ்பெற்ற பெயர் பொறித்திருந்தாலும் அது அவளுடைய துப்பாக்கியன்று. அடுத்தது எடை. விதி 1,500 கிராம் வரை இடந்தரும். தொடங்குவோர்க்கு ஒரு கிலோகிராமே கையைத் தளரச் செய்யும். ஆஸ்திரியாவின் ஸ்டேயர், சுவிட்சர்லாந்தின் மோரினி, செருமனியின் வால்தர் முதலியன சிறந்தவை. விலை இலட்ச ரூபாயைத் தாண்டும். ஆதலால் பழைய துப்பாக்கியை வாங்குவோர் பலர். அவ்வாறு வாங்குவோர் அழுத்தக் காற்று அடைத்த உருளையின் மேல் பொறித்த ஆண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதனுள் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும். செய்து பத்தாண்டு கடந்த உருளையைப் பயன்படுத்தலாகாது. புதிய உருளையின் விலையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். பழுது நீக்குவார் அருகிலுண்டா என்பதும் கேட்கத்தக்கதே. 2021 ஆம் ஆண்டு தோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் கழிந்ததை நாடே கண்டது.

உண்மையில் முதல் ஆறு மாதங்களுக்கு அவள் எதையும் வாங்காதிருப்பதே நலம் என்பது என் கருத்து. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. இத்தகைய கழகங்களில் பயிற்சியாளர் கண்முன், கழகத்தின் துப்பாக்கிகளைப் பிடித்துப் பார்த்த பின்னரே தன் கைக்கு எது பொருந்தும் என்பது அவளுக்குத் தெரியவரும். பிற்காலத்தில் 25 மீட்டர்ப் போட்டிக்கு உரிய 0.22 பிஸ்டலை நாடினால் அதற்கு உரிமம் வேண்டும். அப்போது, துப்பாக்கிக் கழகத்தில் இரண்டாண்டு முறையாகப் பயின்ற உறுப்பினர் என்னும் தகுதி அவளுக்குத் துணை நிற்கும்.

வீட்டுப் பயிற்சிக்கு வெள்ளைச் சுவர் ஒன்று போதும். குண்டில்லாத் துப்பாக்கியைச் சுவருக்கு நேரே நீட்டி, காட்டி அசையாமல் விசையை இழுத்துப் பழகுவது பெரிய வீரர்களும் நாள்தோறும் செய்வது. துப்பாக்கி கைக்கு வருமுன் ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருளை நீட்டிய கையிற் பிடித்து, பத்து விநாடி நிறுத்தி இறக்குவதிலிருந்து தொடங்கலாம். களத்தில் ஈயக்குண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. ஈயம் சிறிது சிறிதாக உடலிற் சேரும் நஞ்சு.