ரொட்டி சுடும் இயந்திரமும் மதுரை வெயிலும்

நம் பாட்டியர் காலத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரரின் உணவு. பேக்கரியில் வாங்கிய துண்டைச் சூடான பாலில் நனைத்து ஊட்டுவார்கள். உடம்பு தேறியதும் இட்லிக்குத் திரும்பிவிடுவார்கள். இன்றோ, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் விரையும் காலை வேளையில் ரொட்டி அன்றாட உணவாகிவிட்டது. அதை வீட்டிலேயே பிசைந்து சுட்டுத் தரும் மின் இயந்திரமும் இப்பொழுது நம்மிடையே வந்திருக்கிறது. ஆனால் வாங்கிய முதல் வாரத்திலேயே, "நடுவில் குழி விழுந்துவிட்டது, இது நம் ஊருக்கு ஒத்துவராது" என்று அதைப் பரணில் ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. குறை இயந்திரத்தில் உள்ளதா, அதை நாம் பயன்படுத்தும் முறையில் உள்ளதா?

இவ்வியந்திரம் பிறந்த கதையே இதற்கு விடை கூறும். ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 1987இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் செய்து பார்த்தவற்றில் ரொட்டியின் மேற்புறம் கருகியது, உட்புறம் வேகவில்லை. அப்பொழுது அந்நிறுவனத்தில் பணியாற்றிய இக்குகோ தனாகா என்ற பெண்மணி, ஒசாகா நகரின் பெரிய ஓட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் மாணவியாகச் சேர்ந்தார். அவர் மாவை இழுப்பதோடு நில்லாமல் முறுக்கவும் செய்கிறார் என்பதைக் கண்டுகொண்டார். அந்தக் கைப்பக்குவத்தை இயந்திரத்துக்குப் புகட்டவே பாத்திரத்தின் உட்சுவரில் புடைப்புகளை அமைத்தனர்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. கோவையில் 1955இல் சபாபதி என்பவர் உருவாக்கிய கிரைண்டர், ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து களைத்த கைகளுக்கு விடுதலை அளித்தது. எனினும் உளுந்து பொங்கிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதை நம் பெண்கள் விட்டுவிடவில்லை. உழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். பக்குவம் பார்ப்பதைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். ரொட்டி இயந்திரத்துக்கும் இதுவே விதி.

பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிவதை நாம் பார்த்திருக்கிறோம். கோதுமையில் உள்ள புரதம் நீருடன் சேர்ந்து, பிசையப் பிசையக் குளூட்டன் என்னும் வலையாகிறது. ஈஸ்ட் உண்டாக்கும் வாயுவை இந்த வலை பிடித்து வைப்பதால்தான் ரொட்டி உப்புகிறது. கேழ்வரகிலும் கம்பிலும் இவ்வலை இல்லை. ஆகவே அவற்றை மைதாவுடன் கால் பங்குக்கு மேல் சேர்த்தால் ரொட்டி கனத்துவிடும்.

சாதாரண ரொட்டி ஒன்றுக்கு 400 கிராம் மைதா, ஏறத்தாழ 250 மில்லி நீர், ஒரு தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு, சிறிது சர்க்கரை, எண்ணெய் ஆகியவை போதும். முதலில் நீரையும் உப்பையும், அவற்றின்மேல் மாவையும் இடுங்கள். மாவில் சிறு குழி செய்து ஈஸ்டை வையுங்கள்.

இனி மதுரைக்கே உரிய சங்கதி. பிசைந்த மாவு 27 டிகிரி அளவில் இருந்தால் நிதானமாகப் புளிக்கும். நம் சித்திரை வெயிலோ 40 டிகிரியைத் தொடுகிறது. பிசையும் வேகமும் சூட்டைக் கூட்டுகிறது. மாவு அவசரமாகப் பொங்கி, அடுப்புச் சூடு ஏறுமுன்னரே தளர்ந்து அமிழ்கிறது. குழி விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகவே கோடையில் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். ஈஸ்டைக் கால் பங்கு குறையுங்கள். பாலை ஊற்றி, விடியற்காலையில் சுடும்படி இரவிலேயே நேரம் குறித்து வைக்காதீர்கள், பால் கெட்டுவிடும். ஐப்பசி மழையில் மாவு ஈரம் உறிஞ்சியிருக்கும். அப்பொழுது நீரைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் இயந்திரம் தானாக அறியாது. பிசையத் தொடங்கிய பத்தாவது நிமிடம் மூடியைத் திறந்து தொட்டுப் பாருங்கள். மாவு பக்கங்களை விட்டு உருண்டையாகத் திரள வேண்டும். விரலில் இலேசாக ஒட்டி விட்டுவிட வேண்டும். பிசுபிசுத்தால் ஒரு கரண்டி மாவு, வறண்டிருந்தால் ஒரு கரண்டி நீர். சுடத் தொடங்கிய பின் மட்டும் மூடியைத் திறக்கக் கூடாது.

நடுவே மின்சாரம் நின்றால் கலங்க வேண்டாம். பிசைந்து முடிந்திருந்தால், மாவை எண்ணெய் தடவிய டப்பாவில் இட்டு, உப்பியதும், கேக் சுடுவதுபோல மணல் பரப்பிய கனத்த பாத்திரத்தில் வைத்து மூடிச் சுட்டுவிடலாம். பிசைவதற்கு மட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்தினால், ஒன்றரை மணி நேரத்தில் பன் செய்யும் மாவும் கிடைக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ரொட்டி மாவில் சேர்க்கப்பட்டு வந்த பொட்டாசியம் புரோமேட்டை, உடல்நலத்துக்குத் தீங்கு என்று கருதி 2016இல் நம் அரசு தடை செய்தது. வீட்டில் சுடும்போது பிள்ளைகளின் தட்டில் என்ன இருக்கிறது என்பது தாய்க்குத் தெரியும்.

மூன்று மரக்கால் மாவில் புளிப்பு மாவைக் கலந்து வைத்த பெண்ணைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கிறோம். அவளும் மாவு புளிக்கும் வரை காத்திருந்தவள்தான். நாமும் ரொட்டி வெந்த பின் ஒரு மணி நேரம் ஆறவிட்டே வெட்டுவோம். சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். பரணில் கிடக்கும் இயந்திரத்தை இறக்கி, தூசி தட்டி, இந்த வாரமே மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள்.