கடற்சிங்கமும் ஆவுளியாவும்

கனடா நாட்டின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவை அடுத்து, ஹார்ன்பி என்றொரு சிறு தீவு உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதனைச் சூழ்ந்த கடலுக்கு, நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீன்கள் முட்டையிடக் கூட்டங்கூட்டமாக வருகின்றன. அவற்றைத் தின்னக் கடற்சிங்கங்கள் வருகின்றன. கடற்சிங்கங்களைக் காண மனிதர் வருகின்றனர். நீரின் வெப்பம் அப்போது ஏறத்தாழ 8 டிகிரிதான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தண்ணீரில் இறங்கி நிற்பதற்கு ஒப்பாகும் அது.

தடித்த ரப்பர் உடை, கையுறை, முகக் கண்ணாடி, காலில் துடுப்பு, முதுகில் காற்று அடைத்த உருளை ஆகியவற்றோடு அவர்கள் இறங்குகிறார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் பற்றவைப்போர் பயன்படுத்தும் சிலிண்டரைப் போன்றதே இவ்வுருளையும். ஆனால் இதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவே. 1943-இல் பிரெஞ்சு நாட்டவரான கூஸ்தோவும் காக்னானும் செய்து பார்த்த கருவி இது. ஸ்கூபா என்று இன்று உலகெங்கும் வழங்குவது இவ்வகைக் கருவியைத்தான்.

கடற்சிங்கங்களை ஒருவரும் துரத்துவதில்லை. குளியாளர் அடித்தரையில் அசையாது காத்திருக்க வேண்டும். விருப்பமானால் அவையே வரும். இளங்குட்டிகள் கையுறையைக் கவ்வும், துடுப்பை இழுக்கும், தலைகீழாக நின்று கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கும். கையில்லாத பிராணி வாயாலும் மீசையாலுமே பொருளை அறிகிறது. ஆகவே அது கடிப்பது பெரும்பாலும் கேள்வி கேட்பதாகும். ஆயினும் ஆயிரம் கிலோ எடை வரை வளரும் முதிர்ந்த ஆண் சிங்கம் அருகே வந்தால் ஒதுங்கிக்கொள்வதே அறிவு. சலித்துவிட்டால் அவை போய்விடும். அதற்கு மேல் அங்கே மனிதனுக்கு உரிமை ஒன்றுமில்லை.

திருவாலங்காட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்திற்குச் செல்லும் குடும்பங்களில், "நம் கடலில் கடற்சிங்கம் உண்டா?" என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். இல்லை. கடற்சிங்கமோ சீலோ இந்தியக் கரைகளுக்கு உரிய பிராணிகள் அல்ல. ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து மீனைப் பெருக்கும் கடல்களே அவற்றிற்குப் பெரும்பாலும் வீடு. ஆனால் பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் வேறொரு பெரும் பிராணியை ஆண்டவர் நம் கரைக்குத் தந்திருக்கிறார். இராமநாதபுரத்துக் கடலோரத்தார் அதனை ஆவுளியா என்பர். நூல்களில் கடற்பசு என எழுதுவர்.

பசு என்ற பெயர் பொருத்தமானதே. மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் உள்ள இப்பிராணி எவரையும் தின்பதில்லை. கடலடியில் வளரும் புல்லை மேய்கிறது. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ புல் வேண்டும். உறவுமுறையில் இது யானைக்கு நெருக்கமானது என்பது கேட்போருக்கு வியப்பளிக்கும். தாயின் முன்துடுப்புகளின் அடியில் பால்காம்புகள் இருக்கின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். கர்ப்பகாலம் ஓராண்டுக்கு மேல். ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

நம் குளியாளர்கள் இதன் அண்டை வீட்டாராய் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்ற முத்துக்குளித்துறைப் பரதவ மக்களிடம் புனித சவேரியார் 1542-இல் வந்து சேர்ந்தபோது, முத்தும் சங்கும் குளிப்பதே அவர்கள் பிழைப்பு. கருவி ஏதும் கிடையாது. காலில் கல்லைக் கட்டி இறங்குவார். அடியில் சிப்பியை வாரிக் கூடையில் இடுவார். கயிற்றை அசைத்தால் மேலிருப்பவர் இழுப்பார். மூச்சு அத்தனையும் அந்தக் கயிற்றில் தொங்கியது. ஆகவே கயிற்றைப் பிடிக்க மைத்துனரையே அமர்த்துவார்கள் என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலியை நினைத்தாவது கை தளராது என்ற கணக்கு! அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. சங்குகுளித்தல் இன்றும் நடக்கிறது. ஆனால் கல்லுக்கும் கயிற்றுக்கும் பதிலாகப் படகில் இயங்கும் காற்றழுத்தி இயந்திரமும் நீண்ட ரப்பர் குழாயும் பலரிடம் வந்துவிட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் கடந்துபோக இயலவில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் உடல்மீது அழுத்தம் இருமடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து நிற்கும். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைவாக மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழிகளாகப் பொங்கும். மூட்டுவலி, கைகால் செயலிழப்பு, சில சமயம் மரணமே நேரும். ஹார்ன்பித் தீவில் இறங்குவோர் பயிற்சியும் சான்றிதழும் பெற்ற பின்னரே இறங்குகின்றனர். வயிற்றுப் பிழைப்புக்காக இறங்கும் நம் சகோதரருக்கு அந்தப் பயிற்சி பெரும்பாலும் கிட்டுவதில்லை.

ஆவுளியாவிடம் திரும்புவோம். உண்மையை மறைப்பதில் பயனில்லை. நம் கரையோரத்தார் அதனைக் கண்டு மகிழ்ந்ததைவிட, கொன்று தின்றதே மிகுதி. கீழக்கரை, பாம்பன் வட்டாரங்களில் அதன் இறைச்சி விலைபோயிற்று. நோய்க்கு மருந்து என்றும் நம்பினார்கள். அதன் தோலைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. விடுதலைப் பயண நூலின் 26-ஆம் அதிகாரத்தில் திருக்கூடாரத்தின் மேல்விரிப்புக்கு ஒரு பிராணியின் தோல் குறிக்கப்பட்டிருக்கிறதன்றோ? அது எந்தப் பிராணி என்பதில் விவிலிய அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. செங்கடல் ஆவுளியாவே அது என்பாரும் உளர். ருப்பெல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில், திருக்கூடாரத்துக்குரியது என்று பொருள்படும் இலத்தீன் பெயரையே செங்கடல் ஆவுளியாவுக்குச் சூட்டினார்.

கடற்சிங்கத்தின் கதையும் ஆவுளியாவின் கதையும் ஒரு மனிதரிடத்தில் வந்து சேர்கின்றன. அவர் கேயார்க் ஸ்டெல்லர். 1741 நவம்பரில், பெரிங் என்ற தளபதியின் கப்பல், ரஷ்யாவுக்குக் கிழக்கே குளிர்கடலில் ஆளில்லாத் தீவொன்றில் கரைதட்டியது. தளபதி டிசம்பரில் இறந்தார். கப்பலில் இருந்த இயற்கை அறிஞர் ஸ்டெல்லர், பட்டினிக்கிடையிலும் அங்குள்ள பிராணிகளை ஆராய்ந்து எழுதினார். ஹார்ன்பித் தீவில் துடுப்பை இழுத்து விளையாடும் கடற்சிங்கம் இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது. மற்றொன்றும் அவர் பெயர் பெற்றது. எட்டு மீட்டர் வரை நீண்ட, நம் ஆவுளியாவின் நெருங்கிய உறவான மாபெரும் கடற்பசு அது. ஒரு பெண் பசுவைக் கொன்று கரையில் இழுத்துப் போட்டபோது, அதன் துணை இரண்டு நாள் கரையோரம் வந்து காத்திருந்ததை ஸ்டெல்லர் குறித்து வைத்திருக்கிறார். அப்பசுவின் இறைச்சி சுவையானது. அது ஓடி ஒளியவும் அறியாது. பின்வந்த மென்மயிர் வேட்டைக்காரர்களுக்கு அதுவே உணவாயிற்று. 1768-க்குள் அந்த இனமே உலகில் இல்லாமற்போயிற்று. கண்டறிந்த நாளிலிருந்து இருபத்தேழு ஆண்டுகள்!

கடற்சிங்கத்தையும் மனிதன் விட்டுவைக்கவில்லை. வலையைக் கிழிக்கிறது, மீனைத் திருடுகிறது என்று சொல்லிச் சுட்டுத் தள்ளினார்கள். 1970-இல் கனடாவும் 1972-இல் அமெரிக்காவும் சட்டத்தால் தடுத்தன. அதன்பின் அப்பகுதியில் அது பெருகியது. 2013-இல் அமெரிக்கா தன் கிழக்குப் பிரிவுக் கடற்சிங்கங்களை ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதே 1972-இல் வந்தது. ஆவுளியா அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. எனினும் அது அவ்வாறு பெருகவில்லை. 2022-இல் அரசு தந்த மதிப்பீட்டின்படி நாடு முழுவதிலும் ஏறத்தாழ 240 மட்டுமே. கடற்சிங்கம் ஆண்டுக்கொன்று ஈனவும் கூடும். ஆவுளியாவின் கணக்கை முன்னரே சொன்னேன். விசைப்படகுகளின் இழுவலை புல்வெளியைப் பெயர்த்துவிடுகிறது. செவுள் வலையில் சிக்கிய ஆவுளியா மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகிறது.

2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. நல்ல செயல்தான். ஆனால் நடுக்கடலில், விடியற்காலை இருளில், வலையில் நானூறு கிலோ உயிர் துடிக்கும்போது, அரசாணை அங்கே வந்து நிற்பதில்லை. நிற்பவர் ஒரு மீனவர். கடன் வாங்கி வாங்கிய வலை அது. அறுத்துவிட்டால் அன்றைய பாடும் போயிற்று, வலையும் போயிற்று. அவ்வாறு அறுத்து ஆவுளியாவை விடுவித்த மீனவர்கள் அக்கரையில் பலர். அரசு அவர்களுக்குப் பரிசும் சான்றும் தருகிறது. வனத்துறையினரும் டேராடூன் வனவிலங்கு ஆராய்ச்சி நிலையத்தாரும் மீனவப் பிள்ளைகளுக்கு ஆவுளியாவின் பெயரால் கல்வி உதவித்தொகை வழங்கியிருக்கின்றனர். தந்தை அறுத்த வலைக்கு மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு பதில் கிடைத்தது என்று அதனை நான் எண்ணிக்கொள்கிறேன்.

ஸ்கூபா உடையணிந்து பாக் விரிகுடாவில் இறங்கி ஆவுளியாவோடு விளையாடலாம் என எவரும் எண்ண வேண்டாம். கூச்சமுள்ள பிராணி அது. படகின் ஓசை கேட்டாலே அகன்றுவிடும். கடற்புல் ஆராய்வோர் அங்கே மூழ்கும்போது பெரும்பாலும் காண்பது அதன் தடத்தையே. கலங்கிய பச்சை நீரின் அடியில், அடர்ந்த புல்லின் நடுவே, ஓர் ஆவுளியாவின் முகவாய் அகலத்தில் வேரோடு மேய்ந்த வெற்று மணற்கோடு வளைந்து வளைந்து செல்லும். கொஞ்ச தூரத்தில், மூச்செடுக்க அது மேலே எழுந்த இடத்தில், அந்தக் கோடு நின்றுவிடும்.