குச்சி அசைந்தால் நூறு வாத்தியம் பேசும்!

உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாள் கோவில் உற்சவத்தில் நாதஸ்வர மேளம் கேட்டிருப்பீர்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம். ஐந்தாறு பேர்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசித்துவிடுவார்கள்.

அதே இடத்தில் நூறு பேர் உட்கார்ந்து வாசித்தால்? முன்னால் வரிசை வரிசையாகப் பிடில்கள். நடுவில் புல்லாங்குழல்கள். பின்னால் எக்காளங்களும் முரசுகளும். யார் எப்போது தொடங்குவது? யார் எப்போது நிறுத்துவது? ஒருவர் அரைத் தாளம் பிந்தினாலும் எல்லாம் கெட்டுவிடும்!

அதற்காகவே மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டியின் எதிரில் ஒருவர் நிற்கிறார். அவர் பாடுவதில்லை, வாசிப்பதில்லை. கையில் ஒரு சிறு குச்சி மட்டும் இருக்கும். வலது கையிலுள்ள குச்சி தாளம் காட்டும். இடது கை, "உரக்க", "மெதுவாக", "இப்போது நீ" என்று ஜாடை சொல்லும். அவருக்குக் கண்டக்டர் என்று பெயர். பஸ் கண்டக்டர் அல்ல, சங்கீதக் கண்டக்டர்!

இந்த வித்தையில் உலகப் புகழ் பெற்ற இந்தியர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜூபின் மேத்தா.

டாக்டர் ஆகவேண்டியவர்

1936-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் ஜூபின் பிறந்தார். தகப்பனார் மேலி மேத்தா பிடில் வித்வான். பம்பாயில் மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டி ஒன்றை அமைத்தவர். 16 வயதிலேயே அந்தக் கோஷ்டிக்கு ஒத்திகை நடத்தும் அளவுக்குப் பையன் தேறிவிட்டான்.

ஆனால் சங்கீதம் சோறு போடுமா? மகன் டாக்டர் ஆகவேண்டும் என்று வீட்டார் விரும்பினார்கள். கல்லூரியில் அதற்கான படிப்பில் சேர்ந்தார். மனம் ஒட்டவில்லை. படிப்பை விட்டார். 1954-ல், 18-வது வயதில், ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

நமக்குத் தஞ்சாவூர் எப்படியோ, மேல்நாட்டுச் சங்கீதத்துக்கு வியன்னா அப்படி. அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் கண்டக்டர் வித்தை கற்றார். ஆள் உயரத்துக்கு நிற்கும் 'டபிள் பாஸ்' என்ற வாத்தியத்தையும் வாசிக்கப் பழகினார். கோஷ்டியை நடத்துகிறவருக்கு, அதில் உட்கார்ந்து வாசிப்பவரின் சிரமமும் தெரியவேண்டும் அல்லவா?

22 வயதில் முதல் பரிசு

1958-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் கண்டக்டர்களுக்குச் சர்வதேசப் போட்டி நடந்தது. முதல் பரிசு ஜூபினுக்கு! அந்நகரக் கோஷ்டியில் ஓராண்டு உதவிக் கண்டக்டர் வேலையும் கிடைத்தது.

பிறகு ஏறுமுகந்தான். கனடாவில் மாண்ட்ரீல். 1962-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே 16 ஆண்டுகள். 1978 முதல் 1991 வரை நியூயார்க்; 13 ஆண்டுகள். அந்த நியூயார்க் கோஷ்டிக்கு அவ்வளவு காலம் தொடர்ந்து தலைமை வகித்தவர் வேறு யாரும் இல்லை. இஸ்ரேல் நாட்டுக் கோஷ்டிக்கு 1977 முதல் 2019 வரை இசை இயக்குநராக இருந்தார்.

நம் தெருக்கூத்தைப் போல், பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம் மேல்நாட்டிலும் உண்டு. அதை 'ஆப்பெரா' என்பார்கள். அதிலும் மேத்தா கைதேர்ந்தவர். 1998-ல் பீஜிங் நகரின் பழைய அரண்மனையில் 'துரந்தோத்' என்ற ஆப்பெராவை நடத்தினார். கதை சீன இளவரசியின் கதை. இசை அமைத்தவர் இத்தாலியர். நடத்தியவர் இந்தியர்!

எந்த ஊர் போனாலும் காரம் இல்லாமல் சாப்பாடு இறங்காதாம். கூடவே மிளகாய் எடுத்துச் செல்வாராம்! இந்தியக் குடியுரிமையையும் அவர் விட்டுவிடவில்லை. 1966-ல் பத்மபூஷண், 2001-ல் பத்மவிபூஷண் விருதுகள் அவரைத் தேடி வந்தன.

துக்க வீட்டில் சங்கீதம்

1994 ஜூன் மாதம். போரில் சிக்கிய சரயேவோ நகரம். குண்டு விழுந்து எரிந்துபோன நூலகத்தின் இடிபாடுகளுக்குள், அவ்வூர்க் கோஷ்டியைக் கொண்டு மொசார்ட்டின் இரங்கல் இசையை மேத்தா நடத்தினார்.

நம் துக்கத்திலும் அவர் பங்குகொண்டார். 2004 டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமியை மறக்க முடியுமா? அன்று நம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கல்பாக்கம் கடற்கரையிலும் எத்தனையோ உயிர்கள் போயின. சரியாக ஓராண்டு கழித்து, 2005 டிசம்பர் 26-ந் தேதி, ஜெர்மனியின் பவேரியா கோஷ்டியுடன் சென்னை மியூசிக் அகாடமிக்கு வந்தார் மேத்தா. மாண்டவர் நினைவாகக் கச்சேரி நடத்தினார். சென்னையில் அந்தக் கோஷ்டியுடன் அவர் நடத்திய முதல் கச்சேரி அதுதான்.

போன உயிரைச் சங்கீதம் மீட்டுத் தராது. டாக்டராலும் முடியாது. ஆனால் நூறு பேர் ஒரே மூச்சாக வாசிப்பதைக் கேட்கும்போது, துக்கப்படுகிறவன் தான் தனியாக இல்லை என்று உணர்கிறான். அந்த நூறு பேரை ஒன்றாக்குவதற்கே, தாம் ஓசை எழுப்பாமல் ஒருவர் குச்சியோடு நிற்கிறார்.

அடுத்த உற்சவத்தில் மேளம் கேட்கும்போது, ஓரமாக நின்று தாளம் தட்டுகிற பையனையும் கொஞ்சம் கவனியுங்கள். அவன் தவறினால் மேளமே தவறிப்போகும்!