மாசக் காசு உள்ளவர்களின் போராட்டம்

ஒரே ரெஜிமென்ட், ஒரே சார்ஜன்ட் பதவி, ஆளுக்கு இருபத்திரண்டு வருடச் சேவை. ஒருவர் 2017 இல் சீருடையைக் கழற்றினார். மற்றவர் 2020 இல். இன்று இருவரும் ஒரே பஸ்ஸில் கம்பளைக்குப் போய், ஒரே வங்கியின் வரிசையில் நின்று பென்சன் எடுக்கிறார்கள். தொகை மட்டும் வேறு. முன்னால் போனவருக்குக் குறைவு. பின்னால் போனவருக்குக் கூட.

இதில் யாரும் களவெடுக்கவில்லை. கணக்கே அப்படி. ஓய்வூதியம் என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தின் மேல் போடப்படும் விகிதம். அரச சேவையின் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்த 2016 இல் வந்த சுற்றறிக்கை அதை ஒரே நாளில் செய்யாமல் படிப்படியாக ஏற்றி, 2020 ஜனவரி 1 இல்தான் முழு அளவுக்குக் கொண்டுவந்தது. இடையில் விலகியவர்கள் அரைப்படியில் நின்றுவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொன்ன உயர்வும் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆசிரியர், தாதி, எழுதுவினைஞர், படைவீரர் என்று எல்லா ஓய்வூதியர்களுக்கும் இது பொதுவான சங்கடம். ஆனால் வீதியில் இறங்கிச் சத்தம் போடுவதில் முன்னாள் படையினருக்கு ஒரு தனிப் பழக்கம் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் ஒரு வழி பிறந்தது: 2020 ஜனவரி 1 க்கு முன் ஓய்வுபெற்றவர்களின் தொகையை 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஜூலைகளில் மூன்று கட்டமாகச் சரிசெய்வது.

புசல்லாவையில் இருந்து இதை எழுதுவது சிலருக்கு வினோதமாகப் படலாம். கண்டியில் இருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், கம்பளை தாண்டி இறம்பொடைக்கு முன்னால் வரும் இந்த ஊரைச் சுற்றிச் சிங்களக் கிராமங்களும் உண்டு, தோட்டங்களும் உண்டு. படைக்குப் பிள்ளைகளை அனுப்பியவை பெரும்பாலும் கிராமங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் போகவில்லை. நெடுங்காலம் போகவும் முடியாதிருந்தது. தோட்டத் தமிழரிடம் 1948 இல் பறித்த குடியுரிமையின் கடைசி மிச்சத்தை 2003 ஆம் ஆண்டுச் சட்டம்தான் திருப்பித் தந்தது. "இராணுவத்துக்காரனுக்கு நாங்கள் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?" என்று கேட்கிற தமிழ் வாசகரின் கோபம் எனக்குப் புரியாததல்ல. யுத்தத்தில் யார் என்ன செய்தார் என்பது தனி வழக்கு. அது முடியவில்லை, முடிந்ததாக நான் பாவனை பண்ணவும் போவதில்லை. ஆனால் ஒரு வறிய கிராமத்துப் பையனைப் பதினெட்டு வயதில் கூட்டிப்போய்க் காலை இழக்க வைத்த அரசு, பிறகு அவனோடு எப்படிக் கணக்குத் தீர்க்கிறது என்று பார்த்தால், நம்மோடு எப்படித் தீர்க்கிறது என்பதும் விளங்கும்.

2016 இல் கொழும்புக் கோட்டையில் உட்கார்ந்து போராடிய முன்னாள் படைவீரர்கள் இப்படிக் காலும் கையும் இழந்தவர்கள்தான். பன்னிரண்டு வருடச் சேவை பூர்த்தியாகுமுன் காயப்பட்டு விலக்கப்பட்டதால் அவர்களுக்குச் சேவை ஓய்வூதியம் கிடையாது. காயம் பட்ட தேதி கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான். ஆயுள் முழுவதுக்குமான ஓய்வூதியம் கேட்டு வந்தவர்கள் மேல் அந்த நவம்பரில் தண்ணீர் பீய்ச்சப்பட்டது. ஊன்றுகோல்கள் நனைந்து கிடந்த வீதியில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது: அவர்கள் கேட்டது நட்டஈடு அல்ல. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. மாசாமாசம் வேண்டும், சாகும்வரை வேண்டும் என்றார்கள்.

இந்தியாவிலும் இதே பிடிவாதம்தான். 1982 டிசம்பர் 17 இல் உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் ஒரு பெரிய வார்த்தையைச் சொன்னது. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கான உரிமை. ஒரு தேதியைக் கோடாகக் கிழித்து இந்தப் பக்கம் நிற்பவருக்கு ஒன்று, அந்தப் பக்கம் நிற்பவருக்கு ஒன்று என்று பிரிக்கக்கூடாது என்பது அதன் சாரம். அந்த நாளை அங்கே ஓய்வூதியர் தினமாகவே கொண்டாடுகிறார்கள். ஆனாலும் முன்னாள் படைவீரர்கள் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' கேட்டு இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் நடந்தார்கள். பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2015 ஜூனில் டில்லி ஜந்தர் மந்தரில் கூடாரம் போட்டார்கள். அந்தச் செப்டம்பரில் அறிவிப்பு, நவம்பரில் ஆணை, 2014 ஜூலை 1 முதல் நடைமுறை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தம். கேட்டது வருடா வருடம். கிடைத்தது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அதையும் எதிர்த்து வழக்குக்குப் போனார்கள், 2022 மார்ச்சில் தோற்றார்கள். பிரிட்டனில் கூர்க்காக்களுக்குக் கோடு 1997 ஜூலை 1. அதற்கு முந்திய சேவைக்குக் குறைந்த கணக்கு. 2021 இல் பிரதமர் வாசஸ்தலத்துக்கு எதிரே உண்ணாவிரதம் இருந்தார்கள்.

கோடு எப்போதும் தேதியாகத்தான் வரும் என்றில்லை. கண்டியில் இருக்கும் யுத்த மயானத்துக்குப் போனவர்கள் அங்கே கிழக்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கல்லறைகளையும் கண்டிருப்பார்கள். பர்மாவுக்குப் போகுமுன் 1943 இல் ஒரு கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷனே இலங்கையில் வந்து தங்கியது. யுத்தம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, அதே பதவி வகித்த வெள்ளையருக்குக் கொடுத்த தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஆப்பிரிக்கருக்குக் கொடுக்கப்பட்டது. தோலைப் பார்த்துப் போட்ட கணக்கு. கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு 1900 இல் தொடங்கிய தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையும் வெள்ளையருக்கானதே. போயர் யுத்தத்துக்குப் போனது, முதலாம் உலக யுத்தத்தில் எகிப்துக்கும் போனது. துரை போருக்குப் போன காலத்தில் மலையில் கொழுந்தெடுத்தவர்களுக்கு யாரும் சேவைக் கணக்கு வைக்கவில்லை.

இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம்தான். எனக்கு உறுத்துவதே இனித்தான் வருகிறது.

சார்ஜன்ட் இருவருக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சண்டை போட ஒரு தொகை இருக்கிறது. மாசம் பிறந்தால் வருகிற ஒன்று இருப்பதால்தான் அது குறைவா கூடவா என்ற கேள்வி பிறக்கிறது. இந்த ஊரின் பெரிய தொழிலான தேயிலையில் முப்பது வருடம் நின்றவளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. இங்கே, ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தில், 1841 இலேயே சீனத்துத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள் என்பது தேயிலை வரலாற்றில் இருக்கிற சேதி. அன்றிலிருந்து இன்றுவரை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற எந்தத் தொழிலாளிக்கும் அந்த வேலைக்காக மாசாமாசம் பென்சன் என்று ஒன்று வந்ததில்லை. அவளுக்கு வருவது இரண்டு மொத்தத் தொகைகள்: ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக் காசும், சேவைக்காலப் பணமும்.

ஈ.பி.எப். சட்டம் 1958 இல் வந்தது. தொழிலாளியிடம் 8 சதவீதம், தோட்டத்திடம் 12 சதவீதம். பெண்ணானால் ஐம்பது வயதில், ஆணானால் ஐம்பத்தைந்தில் மொத்தமாக எடுக்கலாம். அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாவான 2016 இல் ஒரு நாளைக்கு 100 ரூபா சேர்ந்தது. அதை எடுத்தவர்களின் காசு எங்கே போகிறது என்று இந்த ஊரில் யாரையும் கேட்கத் தேவையில்லை. கடைக்காரரின் கொப்பி, அடகுக்கடையில் கிடக்கும் சங்கிலி, மகளின் கலியாணம், லயத்துக் கூரைக்குத் தகரம். நாலு மாசம் அவள் வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பு. பிறகு மறுபடியும் கூடையை எடுத்துக்கொண்டு கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். அந்த வேலைக்கு ஈ.பி.எப். இல்லை. காசைத் தொடாமல் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த வருடம் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது அந்தப் பாரத்தில் பெரும் பங்கை இறக்கி வைத்த இடமும் ஈ.பி.எப். நிதிதான். சிப்பாயின் பென்சன் திறைசேரியின் கடமையாக நின்றது. கொழுந்து பறித்தவளின் சேமிப்பு திறைசேரிக்குக் கை கொடுத்தது.

சேவைக்காலப் பணத்தைப் பாருங்கள். 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்குப் பதினான்கு நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய விகிதத்தில். முப்பது வருடம் செய்தவளுக்கு 420 நாள் சம்பளம். அடிப்படைச் சம்பளம் 450 ரூபாவாக இருந்த 2014 இல் பேர் வெட்டிக்கொண்டவளுக்குக் கிடைத்தது 1,89,000 ரூபா. 1,350 ரூபாவாக உயர்ந்த பின் 2024 கடைசியில் நின்றவளுக்கு 5,67,000. அதே மலை, அதே முப்பது வருடம், அதே அட்டைக்கடி. சார்ஜன்டுகளின் கதையேதான். ஆனால் 2014 இல் நின்றவள் எந்த வாசலில் போய் உட்காருவாள்? அவள் கணக்கு மூடப்பட்டு, கைநாட்டு வாங்கி, பைல் கட்டி மேலே போட்டாயிற்று. மாசக் காசு என்றால் கொடுப்பவனும் வாங்குபவனும் ஒவ்வொரு மாசமும் சந்திக்க வேண்டும். ஒருவன் குறைவாகக் கொடுக்கிறான் என்று மற்றவன் முப்பது வருடம் கழித்தும் கேட்கலாம். மொத்தக் காசு அந்த வாயையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. இதைப் பற்றி ஒரு தொழிற்சங்க மேடையிலும் நான் பேசக் கேட்டதில்லை. சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நாளுக்கு எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகிறது.

திறைசேரியால் தாங்க முடியாது என்பார்கள். கடன் நெருக்கடியில் இருந்து எழும்பும் நாட்டில் அது வெறும் சாக்கும் அல்ல. ஆனால் விவசாயிகளுக்கென்று 1987 இலும் மீனவர்களுக்கென்று 1990 இலும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றிய நாடுதான் இது. அவை நொண்டி நொண்டி நடந்தன, தொகையும் சொற்பம். இருந்தாலும் அவர்களுக்குச் சண்டை பிடிக்க ஒரு சட்டம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியிடம் "உனக்குத்தான் ஈ.பி.எப். இருக்கிறதே" என்று சொல்லிவிட்டார்கள். எழுபது வயதானால் முதியோர் கொடுப்பனவு உண்டு, இப்போது 5,000 ரூபா, அதுவும் அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் பெயர் ஏறினால். ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் இருபது வருடம் கிடக்கிறது. முதுகு வளைந்து, முழங்கால் போய், சீனி வியாதிக்கு மருந்து எடுக்கும் வயதெல்லாம் அதற்குள்தான்.

முழுத் தொகையையும் மாசக் காசாக மாற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஈ.பி.எப். மீதியில் ஒரு பங்கை, சொல்லப்போனால் தோட்டம் போடும் 12 சதவீதத்தில் ஒரு பகுதியை, விரும்புகிறவர்களுக்கு ஆயுள்வரை மாசம் பிரித்துக் கொடுக்கலாம். விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்தும் பொறுப்பை அரசு ஏற்கலாம். வீடு கட்டவும் வைத்தியத்துக்கும் 30 சதவீதத்தை முன்கூட்டியே எடுக்க வழி செய்தவர்களுக்கு இந்த வழியைச் செய்வது பெரிய வித்தையல்ல.

இதைப் பஸ் தரிப்பிடத்தில் ஓய்வுபெற்ற ஒரு அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். மாசம் பத்தாயிரம் வந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கும், மருமக ஒரு வார்த்த பேசமாட்டா என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"மாசக் காசுன்னா நான் செத்தா நின்னு போயிரும்தானே தம்பி? மொத்தமா எடுத்தா மகளுக்காவது ஆகும்."

நியாயமான கேள்வி. படைவீரர் இறந்தால் அவர் மனைவிக்கும் வயதெல்லை தாண்டாத பிள்ளைகளுக்கும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் தொடர்கிறது. ஆனால் தோட்டத்தில் சம்பாதித்தவள் பெண். கணவன் முன்பே போய்ச் சேர்ந்திருப்பான். மகளுக்கு முப்பது வயது தாண்டி, அவளும் அதே மலையில் பேர் பதிந்திருப்பாள். விதவைகள் அநாதைகள் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் அந்த மகள் வரமாட்டாள். தாய் எடுத்தது போக மீதி மகள் பெயருக்குப் போகும் என்பதைத் திட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதினால் ஒழிய, தோட்டத்தில் யாரும் அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்கமாட்டார்கள்.