மீசைக்காரருக்கு ஒரு கண்ணாடித் தொட்டி

கெளுத்தி என்றதும் நம்மவர்க்குப் புளி கரைத்து வைத்த குழம்புதான் நினைவுக்கு வரும். வங்காளிகளும் இதில் சளைத்தவர்கள் அல்லர். கொல்கத்தா சந்தைகளில் விற்கும் டேங்ரா, மாகுர், சிங்கி எல்லாம் கெளுத்தி இனமே. நோயிலிருந்து தேறுகிறவருக்கு மாகுர் மீன் சாறு கொடுப்பது இங்குள்ள வழக்கம்.

இதே இனத்தில் சட்டிக்குப் போகாமல் கண்ணாடித் தொட்டிக்குப் போகும் மீன்களும் உண்டு. பாக்பஜார் பக்கம் காலிப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்குச் சென்றால் அவற்றைக் காணலாம்.

அவற்றுள் ஒன்று கோரிடோராஸ். தாயகம் தென் அமெரிக்கா. நீளம் இரண்டரை அங்குலம் அளவே. செதிலுக்குப் பதிலாக உடலின் இருபுறமும் எலும்புத் தகடுகள், கவசம் அணிந்ததுபோல் இருக்கும். மீசையால் மணலைத் துழாவி இரை தேடும். கண்ணை உருட்டும்போது நம்மைப் பார்த்துச் சிமிட்டுவதாகவே தோன்றும். திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கித் திரும்பும். சாகப் போகிறதோ என்று பதற வேண்டாம். விழுங்கிய காற்றிலுள்ள பிராணவாயுவைக் குடலே உறிஞ்சிக்கொள்ளும்.

பொழுது சாய்ந்தால் கெளுத்திகளுக்குச் சுறுசுறுப்பு கூடும். அலுவலகம் முடிந்து, பஸ்ஸில் நசுங்கி வீடு திரும்புகிறவருக்கு இது நல்ல துணை. குரைக்காது, பக்கத்து வீட்டாரின் புகாருக்கும் இடமில்லை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஆறு கோரிடோராஸ் வளர்க்கலாம். கூட்டமாக வாழும் மீன் ஆதலால் ஒன்றை மட்டும் வாங்குவது கொடுமை. கூரான கல் மீசையைத் தேய்த்துவிடும். மெல்லிய மணலே நல்லது. குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் நீங்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும். நீர் நிரம்பிய தொட்டி ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். ஆடும் மேஜைமேல் வைக்கக் கூடாது.

கெளுத்தி தொட்டியைச் சுத்தம் செய்துவிடும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அதை நம்பிப் பட்டினி போட்டு மீனைக் கொன்றவர்களும் உண்டு. மற்ற மீன்களின் கழிவை அது தின்னாது. அடியில் மூழ்கும் தீனியைத் தனியே போட வேண்டும்.

‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் விற்கும் சக்கர் மீனிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். தொட்டி போதாமல் போனதும், “பாவம், பிழைத்துப் போகட்டும்” என்று குளத்தில் விட்டுவிடுகிறார்கள். இந்த இரக்கத்தின் பலனைக் கிழக்குக் கொல்கத்தா ஈரநில மீனவர்கள் அனுபவிக்கிறார்கள். நகரின் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்த்துப் பிழைக்கும் அவர்களது குளங்களில் சக்கர் பெருகிவிட்டது. கரையைக் குடைகிறது; முள்ளால் வலையைக் கிழிக்கிறது; வளர்ப்பு மீனின் தீனியில் பங்குக்கு வருகிறது. அதை வாங்கவோ ஆளில்லை.

ஆகவே, வாங்குமுன் இந்த மீன் எவ்வளவு வளரும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். வளர்க்க முடியாமல் போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படையுங்கள். லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழர்களுக்கு ரவீந்திர சரோவர் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அந்த ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.