எலும்பும் இல்லை, நகமும் இல்லை: கடல் சாமந்தி மணலுக்குள் புதைவது எப்படி?

பாறையில் ஒட்டி வாழும் கடல் சாமந்திகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மணலிலோ சேற்றிலோ உடலைப் புதைத்து, உணர்கொம்புகளை மட்டும் வெளியே விரிக்கும் சின்னஞ்சிறு வகைகளும் உண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரியில் கிடைத்தவற்றை விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் 1915இல் விவரித்தார்.

தண்ணீர் நிரப்பிய பலூனின் மேற்பாதியை அழுத்துங்கள். கீழ்ப்பாதி புடைக்கிறதா? புதைவதன் சூட்சுமமே அதுதான்.

முதலில் உடலைச் சுற்றியுள்ள தசைகள் இறுகும். அடிமுனை மெலிந்து மணலுக்குள் நுழையும். பிறகு உடலுக்குள் இருக்கும் நீர் அங்கே பாய, முனை உப்பி மணலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். உடனே நெடுக்குத் தசைகள் சுருங்கி மேலுடலைக் கீழே இழுக்கும். மறுபடி மெலிவு, உப்பல், இழுப்பு.

அண்டார்டிகாவில் இவற்றின் உறவினம் ஒன்று மணலையே தேடவில்லை. 2013இல் பெயரிடப்பட்ட எட்வர்ட்சியெல்லா ஆண்ட்ரில்லே, ராஸ் பனித்தட்டின் அடிப்பரப்பில் தலைகீழாக வாழ்கிறது: உடல் பனிக்குள், உணர்கொம்புகள் கடலுக்குள்!