மரம் தந்த பட்டும் பவானி கொடுத்த விலையும்

கோவை மாநகரில் பெரிய துணிக்கடை ஒன்று. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, கூப்பிய கரங்கள். உடன் வந்த ஆலைத் தோழர் ஒரு சட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தார். பட்டுப்போல் வழுக்கிற்று. கழுத்துப் பட்டியில் பச்சை நிறத்தில் ஓர் இலை, அதனடியில், “மரத்திலிருந்து பிறந்தது, இயற்கையின் தோழன்” என்ற பொருள்பட நாலு வார்த்தை.

“ஏனுங்க, மரத்துல நெய்ஞ்ச சட்டைங்களா? சிராய் குத்தாதுங்களா?” என்று தோழர் கேட்டார்.

“குத்தாதுங்கண்ணா. பூ மாதிரி இருக்கும். சுற்றுச்சூழலுக்கும் நல்லதுங்க,” என்றாள் விற்பனை செய்யும் தங்கை.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதைச் சொன்னாள். ஆனால் கொங்கு நாட்டிலே பிறந்து, பவானித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் அந்தப் பச்சை இலையைக் கண்டவுடன் கைதட்டிவிட முடியுமா? முடியாது, தோழர்களே! நமக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் பெயர் சிறுமுகை.

மரம் எப்படித் துணியாகிறது? மந்திரமல்ல, மாயமல்ல, ரசாயனம். மரத்தைச் சீவி, வேகவைத்து, பசையும் பிசினும் நீக்கினால் வெள்ளை மாவுக்கூழ் மிஞ்சும். மரத்தின் எடையில் பாதிகூட மாவாகத் தேறாது. அந்த மாவைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கிறார்கள். பிறகு கார்பன் டை சல்பைடு என்னும் திரவத்தின் ஆவியோடு கலக்கிறார்கள். மாவு ஆரஞ்சு நிறம் கொள்கிறது. மீண்டும் காஸ்டிக்கில் கரைத்தால் தேன்போல் ஒழுகும் கூழ் கிடைக்கிறது. அதை ஊசிமுனைத் துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்ச, இழை இழையாக உறைந்து வெளிவருகிறது. 1892-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் காப்புரிமை பெற்ற முறை இது. விஸ்கோஸ் என்றும் ரேயான் என்றும் உலகம் அழைத்தது. ஏழைக்கும் எட்டும் பட்டு என்று வியந்தது.

வியப்பிலே தவறில்லை. பட்டு பிரபுக்களுக்கு மட்டும் என்றிருந்த காலம் போய், கூலிக்காரன் வீட்டுப் பெண்ணும் பளபளக்கும் சேலை கட்ட வழி பிறந்ததென்றால், நாம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? இந்திய மண்ணில் இந்தத் தொழிலை முதலில் தொடங்கியவரும் ஒரு தமிழரே. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் பெரும்பாவூரில் நிறுவிய திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலை 1950-இல் இழை இழுத்தது. அதன் பிறகு நம் பக்கம் வந்தது தென்னிந்திய விஸ்கோஸ்.

இடத்தைப் பாருங்கள்! மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகை. தலைமுறை தலைமுறையாகக் கைத்தறியிலே பட்டு நெய்யும் ஊர். மேலே நீலகிரி, மரம் அங்கே. கீழே பவானி, தண்ணீர் இங்கே. மின்சாரம் உண்டு, ரயில் உண்டு, கோவையிலே நூற்பாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. இதைவிட வாகான இடம் எங்கே கிடைக்கும்? 1950-களின் கடைசியில் நிறுவனம் உருவாயிற்று. 1960-களில் புகைபோக்கி புகைத்தது. கோவை மாவட்டமெங்கும் பேச்சு. “விஸ்கோஸிலே வேலை” என்றால் பெண் கொடுக்கப் போட்டி. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. அந்த அடுப்பை நாம் மறக்கவில்லை. மறந்துவிட்டு ஆற்றைப் பற்றி மட்டும் பேசுபவன் பாட்டாளியின் நண்பனல்லன்.

ஆனால் ஆற்றை மறந்துவிட்டு அடுப்பை மட்டும் பேசினால்?

முதலில் மலைக்குப் போவோம். நீலகிரியின் உச்சியிலே சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்து கிடந்தன. புல்வெளிதானே, வெறும் நிலந்தானே என்று எண்ணினார்கள், வெள்ளைக்காரனும் அவனுக்குப் பின் வந்தவர்களும். அந்தப் புல்வெளி ஒரு பஞ்சு மெத்தை. மழைநீரை உறிஞ்சி வைத்து, கோடையிலே சொட்டுச் சொட்டாக ஓடைகளுக்கு விடும் கருவூலம். 1843-இல் வந்து சேர்ந்த கற்பூர மரமும், பின்னர் சீகையும் அந்த மெத்தையின் மேல் நடப்பட்டன. விறகுக்கென்றும் தோல் பதனிடவென்றும் தொடங்கிய தோட்டங்கள், ரேயான் மாவுக்கென்று விரிந்தன. பவானிக்கு ஊற்றுக்கண் இருக்கும் மலைமுகட்டிலேயே சீகை சூழ்ந்தது. இன்று? அதே அயல் மரங்களை அகற்ற வேண்டும் என்று நீதிமன்றம் சொல்கிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு அதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. நட்டவனும் அரசு, வெட்டுபவனும் அரசு! இடையிலே வற்றிய ஓடைக்கு யார் பொறுப்பு?

ஆக, ஆற்றின் தலையிலே ஓர் அடி. அடுத்த அடி இடுப்பிலே.

விஸ்கோஸ் முறைக்கு வேண்டிய கார்பன் டை சல்பைடு மாவின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இழை பிறந்தவுடன் அது இழையோடு நிற்பதில்லை, வெளியேறிவிடுகிறது. எங்கே போகிறது? பிடித்து வைத்தால் மறுபடியும் உதவும். பிடிக்காவிட்டால் காற்றில் கலக்கும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடும் கூடவே வரும். காஸ்டிக்கும் அமிலமும் சந்தித்துச் சோடியம் சல்பேட் பிறக்கிறது. நம் திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்கள் கிளாபர் உப்பு என்று மூட்டை மூட்டையாக வாங்குகிறார்களே, அதே சரக்குத்தான். எடுத்து விற்றால் உப்பு. எடுக்காமல் விட்டால் ஆற்றுக்கு வினை. மாவு வேகவைத்த கறுப்புக் கழிவு இருக்கவே இருக்கிறது.

சிறுமுகையிலே கழிவு பவானிக்குப் போயிற்று. பவானி எங்கே போகிறது? நேரே பவானிசாகர் அணைக்கு! 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குக் கீழ்பவானிக் கால்வாய் வழியே பாயும் தண்ணீர். சத்தியமங்கலமும் கோபியும் ஈரோடும் குடிக்கும் தண்ணீர். தண்ணீர் நிறம் மாறியது, மீன் மிதந்தது, உழவர்கள் கூடினார்கள், முழக்கம் எழுந்தது. எதிர்ப்பு வலுத்தபோது கழிவை ஆற்றுக்குப் பதில் நிலத்தில் பாய்ச்சும் ஏற்பாடு வந்தது. ஆறு தப்பியதென்று பெருமூச்சு விட்டவர்கள், சில ஆண்டுகளிலே கிணற்றை எட்டிப் பார்த்துத் திகைத்தார்கள். ஆற்றிலே விட்டால் அது நகர்ந்துபோகும். கிணற்றிலே இறங்கினால் குடிவந்துவிடும். வழக்கு, ஆணை, மேல் வழக்கு என்று நாட்கள் நகர்ந்தன. இந்த நூற்றாண்டு பிறந்தபோது புகைபோக்கி ஓய்ந்திருந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். அந்த நாற்பது ஆண்டுகளில் கோட்டையிலே கொடிகள் மாறின, முகங்கள் மாறின; நம் கொடியும் பறந்தது. ஆற்றின் கறுப்பு மட்டும் மாறவில்லை. இதை எதிர்க்கட்சிக்காரன் சொல்லிக்காட்டும் முன் நாமே சொல்லிக்கொள்வது நல்லது.

கேரளத்து மாவூரிலும் இதே நாடகந்தான். குவாலியர் ரேயான்ஸ் அங்கே 1960-களில் வந்தது, சாலியாற்றைக் கெடுத்தது, தொழிலாளியும் ஊராரும் எதிரெதிரே நின்றார்கள், 2001-இல் மூடியது. ஆலையை வைத்தவன் வேறு மாநிலத்திலே வேறு ஆலை நடத்தப் போய்விட்டான். எதிரெதிரே நின்ற இருவரும் அங்கேயே நின்றார்கள், ஒருவனுக்கு வேலை இல்லை, மற்றவனுக்குத் தண்ணீர் இல்லை.

ஆலைக்கு உள்ளே இருந்தவன் கதையை யாரும் அதிகம் பேசுவதில்லை. கார்பன் டை சல்பைடு மூளைக்கும் நரம்புக்கும் பகை. இது நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1856-இலேயே பாரிசு நகரத்து மருத்துவர் டெல்பெக், ரப்பர்ப் பட்டறைத் தொழிலாளர் அந்த ஆவியை முகர்ந்து சித்தம் கலங்குவதை எழுதிவைத்தார். அதற்குப் பின் 36 ஆண்டு கழித்துப் பிறந்த விஸ்கோஸ் தொழில், அறிந்தே அதைக் கையில் எடுத்தது. தென்கொரியாவில் வொன்ஜின் ரேயான் என்று ஓர் ஆலை. ஜப்பானில் ஓடித் தேய்ந்த எந்திரங்களை 1960-களில் வாங்கி வைத்தார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர் கை கால் விழுந்து, பேச்சுக் குழறிக் கிடந்தார்கள். போராட்டம் வெடித்தது, 1993-இல் ஆலை மூடப்பட்டது. எந்திரங்களை என்ன செய்தார்கள் தெரியுமா? உடைத்தார்களா? இல்லை! சீனாவுக்கு விற்றார்கள். நச்சு ஓய்வு பெறுவதில்லை, தோழர்களே, நாடு மாறிக்கொள்கிறது.

“அப்படியானால் இந்தத் துணியே வேண்டாமென்று கொளுத்திவிடலாமே” என்று சிலர் துடிக்கலாம். துடிப்பதற்கு முன் ஈரோட்டுக்கு வாருங்கள். வீரப்பன்சத்திரத்துத் தெருவிலே நின்று காது கொடுங்கள். தடதடவென்று ஓடும் விசைத்தறிகளில் எத்தனை தறியில் ரேயான் ஓடுகிறது என்று கேளுங்கள். ரேயான் நூல் விலை ஏறினால் தறி நிற்கும்; தறி நின்றால் அன்றைய கூலி நிற்கும். பருத்தி இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாட்டில் விளையும் பஞ்சு நம் ஆலைகளின் ஒரு மாதப் பசிக்குக்கூடக் காணாது. வெளி மாநிலத்தையும் வெளிநாட்டையும் நம்பி ஓடும் கதிர்கள் இவை. பருத்திக்கும் தண்ணீர் வேண்டும், மருந்தடிப்பு வேண்டும். அதுவும் புனித நீராடிய பொருளல்ல. பாலியெஸ்டரோ மண்ணெண்ணெய்க்குத் தம்பி, மக்கவே மக்காது. மரநாரோ மண்ணில் விழுந்தால் மக்கும். அந்த அளவுக்குப் பச்சை இலை சொல்வது உண்மை.

நமக்கு வேதனை இன்னொன்றும் உண்டு. தெற்கே ஆலைகள் மூடிய பிறகு, விஸ்கோஸ் பஞ்சுநார் இந்தியாவில் ஏறத்தாழ ஒரே நிறுவனத்தின் கைப்பிடியில் சிக்கியது. 2010 முதல் 2021 வரை இறக்குமதி நாருக்குக் குவிப்புத் தடை வரி போட்டு, டெல்லி அந்தக் கைப்பிடிக்குக் காவல் நின்றது. 2020 மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையம், கிராசிம் நிறுவனம் சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதென்று முடிவு கூறி 301 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. ஆற்றைக் கொடுத்தது நாம். காட்டைக் கொடுத்தது நாம். ஆலையை இழந்தது நாம். நாருக்குக் கையேந்தி நின்றதும் நாமேதான்!

வழி இருக்கிறதா? இருக்கிறது. கார்பன் டை சல்பைடே இல்லாமல் மரமாவைக் கரைக்கும் முறை வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. லையோசெல் என்று பெயர். வேறொரு கரைப்பானில் கரைத்து, நீரில் உறையவைத்து, அந்தக் கரைப்பானை நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பழைய விஸ்கோஸ் முறையிலும் ஆவியைப் பிடித்து மீட்கும் எந்திரங்கள் உண்டு. காசு போடத்தான் மனம் வேண்டும். மரமே வேண்டாம், கிழிந்த பருத்தித் துணியையே மாவாக்கலாம் என்று சுவீடன் நாட்டில் ரினியூசெல் நிறுவனம் 2022-இல் ஆலை திறந்தது. 2024 பிப்ரவரியில் திவாலாயிற்று. மாவு நன்றாகத்தான் இருந்தது. வாங்குவதாய்ப் பேசிய பெரிய கடைக்காரர்கள் போதுமான அளவு வாங்கவில்லை. பச்சை இலை ஒட்டுவதிலே இருக்கும் ஆர்வம் பணப்பெட்டியைத் திறப்பதிலே இல்லை!

நம்மிடம் கந்தல் இல்லையா? திருப்பூரிலே வெட்டுத் துணி மலைபோல் குவிகிறது. அதைப் பிரித்து மறுபடி நூலாக்கும் ஆலைகள் கொங்கு நாடெங்கும் ஓடுகின்றன. கரும்புச் சக்கையிலே காகிதம் செய்ய முடியும் என்று கரூர்ப் பக்கத்துக் காகித ஆலை 1980-களிலேயே காட்டிவிட்டது. மேட்டுப்பாளையத்திலேயே வனக் கல்லூரி இருக்கிறது; உழவன் தன் மேட்டாங்காட்டில் மலைவேம்பு வளர்க்க வழி சொல்கிறது. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் பாடத்தையும் நாம் படித்தவர்கள்தாம். நொய்யலைச் சாயமாக்கி, ஒரத்துப்பாளையம் அணையை நஞ்சுக் குட்டையாக்கி, 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, தலையில் குட்டு வாங்கிப் படித்த பாடம். இன்று அதே திருப்பூர் அந்தப் படிப்பை உலகத்துக்குக் காட்டிப் பெருமை கொள்கிறது.

ஆகவே இந்த மண்ணில் மரநார் ஆலை மீண்டும் வரட்டும். வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வாசலிலேயே கேட்போம். மரம் எந்தக் காட்டினது, உழவன் நிலத்ததா, மலைமுகட்டதா? ஆவியை எவ்வளவு பிடிக்கிறாய், அந்தக் கணக்கைத் தொழிலாளி படிக்கும்படி வாயிற்பலகையில் எழுதுவாயா? நூற்புக் கூடத்துக்காரனின் நரம்பை ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் பார்ப்பாரா? நீ மூடிக்கொண்டு போகும் நாளில் கூலிப் பாக்கிக்கும் கெட்ட கிணற்றுக்கும் முன்பணம் எங்கே கட்டியிருக்கிறாய்? இதைத் தொழிற்சங்கமும் உழவர் சங்கமும் ஒரே மேடையில் நின்று கேட்க வேண்டும். சிறுமுகையிலே தனித்தனி மேடை போட்டதால்தான் இருவரும் தோற்றார்கள்.

கடையில் நின்ற தோழர் சட்டையை வைத்துவிட்டு வந்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். வாங்கினார். மகனுக்குப் பொங்கலுக்கு வேண்டுமாம். பணம் கட்டும் இடத்திலே நின்று, அந்தப் பச்சை இலையைப் புரட்டிப் பார்த்துக் கேட்டார்:

“இது எந்த ஆத்துத் தண்ணிங்க, எழுதலைங்களே?”

தங்கை சிரித்தாள். பிறகு அவளும் சீட்டைப் புரட்டிப் பார்த்தாள்.